பப்பாசிக்கு மட்டும் விலக்கு

மரபணு மாற்றிய பயிர் எண்டு கதை தொடங்கினாலே எங்கட ஆக்கள் ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிப்பினம். ஒரு பக்கம் "அது நஞ்சு", மற்றப் பக்கம் "விஞ்ஞானத்துக்கு எதிராக் கதைக்காதேங்கோ". இந்த இழுபறியில் ஒரு கேள்வி காணாமலே போயிடும். ஒரு ஊரின்ர நிலத்தில் எதை நடலாம், எதை நடக்கூடாது எண்டு முடிவெடுக்கிற உரிமை ஆருக்கு?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டது சின்னச் சின்ன உள்ளூராட்சிகள்தான். 2004 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்டசினோ கவுண்டி மக்கள் வாக்குப் போட்டு மரபணு மாற்றிய பயிர்களைத் தடை செய்தார்கள். அந்த நாட்டில் அப்பிடிச் செய்த முதல் கவுண்டி அது. (கவுண்டி எண்டா எங்கட மாவட்டம் மாதிரி. ஆனா தெரிவு செய்யப்பட்ட சபையும், சொந்தமாச் சட்டம் போடுற அதிகாரமும் இருக்கும். குப்பை வண்டிக்கும் வீதி விளக்குக்கும் மட்டும் எண்டு நினைச்சிடாதேங்கோ.)

ஒரேகனின் ஜாக்சன் கவுண்டியில் நடந்தது, யாழ்ப்பாணத்தாருக்கு உடனே விளங்கக்கூடிய ஒரு வேலிச் சண்டை. அங்கே சின்ட்ஜென்டா நிறுவனம் மரபணு மாற்றிய சீனி பீட்டை விதைக்காகப் பயிரிட்டது. அதே பள்ளத்தாக்கில் சிறு கமக்காரர் சுவிஸ் சார்ட் எண்ட கீரையை இயற்கை முறையில் வளர்த்து விதை விற்றார்கள். சார்ட், பீட்றூட், சீனி பீட் எல்லாம் ஒரே இனம். மகரந்தம் காற்றில் போய்க் கலக்கும். கலந்துவிட்டால் அந்த விதையை இயற்கை விதை எண்டு வாங்கிறதுக்கு ஆளில்லை. இதில் "சாப்பிட்டால் வருத்தம் வருமா" எண்ட கேள்வியே இல்லை. பக்கத்துக் காணிக்காரன் செய்யிறது என்ர பிழைப்பைக் கெடுக்குது, அவ்வளவுதான். 2014 மே மாதம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சனம் தடைக்கு ஆதரவா வாக்களிச்சது.

அதே நாளில் பக்கத்து ஜோசபின் கவுண்டியும் இதே மாதிரி வாக்களிச்சது. ஆனா 2013இலேயே ஒரேகன் மாநில அரசு, விதை விசயத்தில் உள்ளூராட்சிகள் தலையிடக்கூடாது எண்டு ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தது. ஜாக்சனின் வாக்கெடுப்பு அதுக்கு முதலே பதிவாகியிருந்ததால் அதுக்கு மட்டும் விலக்கு. ஜாக்சனின் தடை நின்றது, ஜோசபினின் தடையை நீதிமன்றம் செல்லாதெண்டுது. ரெண்டு ஊர்ச் சனமும் ஒரே முடிவைத்தான் எடுத்தது.

ஆனா எங்களைக் கூட யோசிக்க வைச்சது ஹவாய். வருசம் முழுக்க வெயில், ஒரு வருசத்தில் மூன்று நான்கு தரம் சோளம் போடலாம் எண்டதால் கரும்பும் அன்னாசியும் விட்டுப்போன தோட்டங்களுக்குள்ள பெரிய விதை நிறுவனங்கள் வந்து இருந்துவிட்டன. 2013 கடைசியில் ஹவாய்த் தீவின் சபை தடைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதில் பப்பாசிக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

ஏன் பப்பாசி? 1992இல் பூனா பகுதியின் பப்பாசித் தோட்டங்களுக்குள்ள வளையப்புள்ளி வைரஸ் வந்திட்டுது. மரம் மரமாச் சாகுது, மருந்தில்லை. ஹவாயிலேயே பிறந்த டெனிஸ் கொன்சால்வஸ் எண்ட விஞ்ஞானியும் கூட்டாளிகளும் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, வைரசைத் தாங்கும் பப்பாசியை உருவாக்கினார்கள். 1998இல் விதை கமக்காரருக்கு இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. மரபணு மாற்றிய பயிர்தான். ஆனா அதாலதான் அந்தச் சிறு தோட்டக்காரர் தப்பினார்கள்.

தடைக்காகக் கத்தின கனபேருக்கு அந்த விலக்குப் பிடிக்கேல்லை. தடையை எதிர்த்தவர்களோ அதைக் காட்டி "பாத்தீங்களோ, உங்களுக்கே கொள்கை இல்லை" எண்டார்கள். எங்களுக்கு என்னவோ அந்தச் சட்டத்திலேயே புத்தியான பகுதி அந்த விலக்குத்தான் எண்டு படுகுது. மண்ணையும் அயலையும் தெரிஞ்ச ஒரு சபையால்தான் அப்பிடி ஒரு கோட்டைக் கீற ஏலும். 2021இல் எங்கட நாட்டில் ரசாயன உரத்துக்கு வந்த தடையை நினைச்சுப் பாருங்கோ. மேலேயிருந்து ஒரே வர்த்தமானி, நெல்லுக்கும் தேயிலைக்கும் ஒரே சட்டம், கமக்காரனிட்ட ஒரு கேள்வி இல்லை. ஏழு மாதம் முடியமுதல் கைவிட்டார்கள்.

அதுக்காகத் தடைக்காரர் எல்லாரையும் தோளில் தூக்கவும் நாங்கள் தயாரில்லை. இந்தக் காலத்தில் பூனாவில் இரவோடு இரவா ஆரோ பப்பாசி மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்ச்சார்கள். பாதிக்கப்பட்டது மொன்சான்ரோ இல்லை.

மாவுயி கவுண்டி 2014 நொவம்பரில் வாக்குக்குப் போனது. பாதுகாப்பு ஆய்வு முடியும்வரை நிறுத்து எண்டதுதான் கோரிக்கை. எதிர்ப் பிரசாரத்துக்கு நிறுவனங்கள் கொட்டினது கிட்டத்தட்ட 80 லட்சம் டொலர். அப்பிடியும் ஆயிரத்துச் சொச்சம் வாக்கால் சனம் வென்றது. அடுத்த சில நாளிலேயே நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2015இல் தீர்ப்பு: செல்லாது. மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா எண்டு தான் சொல்ல வரேல்லை எண்டு நீதிபதி தெளிவாகவே எழுதினார். கவுண்டிக்கு அந்த அதிகாரம் இல்லை, அது மட்டும்தான். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மாவுயி, ஹவாய்த் தீவு, பூச்சிகொல்லிக்குக் கட்டுப்பாடு கேட்ட கவாயி எல்லாத்துக்கும் அதையே சொல்லி முடிச்சது. உள்ளூராட்சி இதில் தலையிடக்கூடாது எண்டு மாநிலச் சட்டத்தில் நேரடியா ஒரு வரியும் இல்லை. மாநிலத்தின் விவசாயச் சட்டங்கள் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, கவுண்டிக்கு இடமில்லை எண்டு நீதிமன்றம் ஊகிச்சுக்கொண்டது.

"ஊருக்கு ஒரு சட்டம் எண்டா விவசாயம் எப்பிடி நடக்கும்" எண்டு கேக்கிறது நியாயம்தான். ஆனா அந்தத் தீவுகளில் மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாலதான் கவுண்டிகள் இறங்கின. கவாயி கேட்டது பெரிசா ஒண்டும் இல்லை: என்ன மருந்து அடிக்கிறியள் எண்டு சொல்லுங்கோ, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட அடிக்காதேங்கோ. நீதிமன்றத்தில் அது தோற்றது. 2018இல் ஹவாய் மாநிலமே, பள்ளிக்கூட நேரத்தில் சுற்றிவர 100 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிகொல்லி அடிக்கக்கூடாது, அடிக்கிறதுக்குக் கணக்குக் காட்டவேணும், குளோர்பைரிபோஸ் கட்டம் கட்டமாத் தடை எண்டு சட்டம் போட்டது. எந்தப் பயிரை நடுறது எண்ட முடிவு மட்டும் இன்னும் ஊருக்குத் திரும்பி வரேல்லை.