அம்பேத்கர் எடுத்த 282

1907-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவ் அம்பேத்கர் வாங்கியது 750-க்கு 282. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் 37.6. அதற்கு 20 ஆண்டுகள் முன்பு காந்தி மெட்ரிகுலேஷனில் எடுத்தது 625-க்கு 247.5, அதுவும் நாற்பதைத் தொடவில்லை. இருவருமே பின்னாளில் லண்டனில் பாரிஸ்டர் ஆனார்கள். அன்று மெட்ரிக் தேறுவதே பெரிய செய்தி என்பதால் அந்த மதிப்பெண்ணை இன்றைய மதிப்பெண்ணோடு தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் தமிழ்நாட்டின் சட்டப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது அம்பேத்கர் பெயரை. அங்கே விண்ணப்பிக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் பர்சன்டேஜை.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஒரு கோட்டைப் போட்டிருக்கின்றன. மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரப் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. அதையும் விண்ணப்பிக்கும் தகுதி என்றுதான் விதி சொல்கிறதே தவிர, சீட் நிச்சயம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு இல்லை. மதிப்பெண்தான் ரேங்க், ரேங்க்தான் சீட்.

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலம் போன்ற ஊரிலிருந்து இதைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிக்கோ செய்யாறு அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ பஸ் பிடிக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் என்றால் முதல் இரண்டு செமஸ்டர் மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். நாலு அரியர் விழும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாம் நாற்பது, நாற்பத்திரண்டு என்று கிளியர் ஆகும். நாற்பது எடுத்தால் பாஸ் என்று சொல்வதும் பல்கலைக்கழகம்தான். அப்படிப் பாஸான பட்டதாரியைத்தான் சட்டக் கல்லூரி வாசலில் ‘உனக்கு இன்னும் ஐந்து குறைகிறது’ என்று நிறுத்துகிறார்கள். தேறிவிட்ட தாளை மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுத வழி கிடைப்பது அரிது. பதினெட்டு வயதில் வாங்கிய மார்க் முப்பத்தைந்து வயதிலும் கூடவே வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே பட்டதாரி யு.பி.எஸ்.சி. எழுதி கலெக்டர் ஆகலாம். அந்தத் தேர்வுக்குப் பட்டம் போதும், சதவீதம் கேட்பதில்லை. மாவட்டத்தையே நிர்வகிக்கத் தகுதியுள்ளவருக்குச் சட்டப் புத்தகத்தைத் திறக்கத் தகுதியில்லையா?

தகுதிக்கு வரம்பு வைப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலைக்கு நிற்கத் தேவையானவற்றை வரிசையாகச் சொல்கின்றன: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, இன்ன வயது. அவற்றோடு ஒரு விலக்கும் இருக்கிறது. ஒரு வேதத்திலும் ஒரு பாஷ்யத்திலும் வல்லவன் என்றால் அரைக்கால் வேலி நிலமே போதும். வேதம் படிக்க யாருக்கு இடம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். அந்தச் சபையே பிராமணர் சபை. ஆனால் ஒரு அளவுகோலில் குறைந்தவனை இன்னொரு அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம் என்ற புத்தி பதினோரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் இன்று செய்வதும் ஏறக்குறைய அதுதான். கல்லூரி மதிப்பெண் சரிந்தவர் எல்சாட் தேர்வில் ஈடுகட்டலாம். ஏன் சரிந்தது என்று விண்ணப்பத்தோடு விளக்கமும் எழுதலாம்.

அப்படியானால் நுழைவுத் தேர்வு கொண்டுவரலாமா? எல்லோருக்கும் வேண்டாம். கோச்சிங் சென்டருக்குக் கப்பம் கட்ட முடியாத பிள்ளைகளை நினைத்துத்தான் 2006-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றித் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை ஒழித்தது. அந்தக் காரணம் இன்றும் செல்லும். கோட்டுக்குக் கீழே நிற்பவர்களுக்கு மட்டும், சில இடங்களுக்கு, தமிழிலேயே எழுதக்கூடிய ஒரு வாசிப்புத் தேர்வு வைத்தால் என்ன? ஒரு தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொண்டு நாலு பத்தி வாதம் எழுதத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

தரம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. சட்டம் படித்து முடித்தவர் தொடர்ந்து தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வைத் தேற வேண்டும். 2011 முதல் நடக்கும் அந்தத் தேர்வைச் செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2023 பிப்ரவரியில் உறுதி செய்தது. வெளியேறும் வாசலில் காவல் இருக்கிறது. பழைய மார்க் ஷீட்டை வைத்து உள்ளே வரும் வாசலையும் பூட்டினால் லாபம் யாருக்கு? வெளிமாநிலத்தில் வகுப்பே நடக்காத ‘லெட்டர்பேட்’ கல்லூரியில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்குத்தான்.

அடிக்கோட்டை மாற்றுவது பார் கவுன்சில் கையில் இருக்கிறது; அதற்கு டெல்லி வரை பேச வேண்டும். ஆனால் ஒரு விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான லாசெட் எழுதும் அந்த மாநிலப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குப் பட்டப்படிப்பில் 42 சதவீதம் போதும். 69 சதவீத இடஒதுக்கீட்டுக்காக அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை வரை போய் வந்த தமிழ்நாட்டில் அதே வகுப்புப் பிள்ளைக்கு 45 கேட்கிறார்கள். 43 எடுத்த திருப்பதிக்காரர் அங்கே விண்ணப்பிக்கலாம், அதே 43 எடுத்த காவாந்தண்டலத்துக்காரர் செங்கல்பட்டில் விண்ணப்பிக்க முடியாது. இந்த மூன்று சதவீதத்தைப் பற்றிச் சட்டத்துறை அமைச்சர் அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு முன் பேச வேண்டும்.