சோழனும் கைதியும்

சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் வரலாறு, பண்பாடு என்று உரை நடந்தால் முடிந்தவரை போய்விடுவேன். பேச்சாளர்கள்மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. புகாரெல்லாம் கேட்க வரும் நம்மேல்தான்.

கேள்வி நேரம் வந்ததும் ஒருவர் மைக்கை வாங்குவார். "கேள்வி இல்லை, சின்னதா ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பார். உரை எதைப் பற்றியதாக இருந்தாலும் சரி, மூன்றாவது நிமிடத்தில் ராஜேந்திர சோழனின் கப்பல் வந்து நின்றுவிடும். 1025, கடாரம், கைத்தட்டல். நானும் தட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை.

கடாரப் படையெடுப்பு பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து நாம் எங்கே தாவுகிறோம் என்று பாருங்கள். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த கல்வெட்டுப் பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. 2019-இல் ஓர் ஆய்வாளர், அதிலுள்ள சில எழுத்துகள் 'பரகேசரி' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். கவனமான, சுவையான ஊகம். என் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் அந்த 'இருக்கலாம்' உதிர்ந்துபோய்விட்டது. "சிங்கப்பூரை ஆண்ட தமிழன்" என்று வந்தது. ஆபீஸில் இப்படி ஒருத்தர் அடித்துவிட்டால் "லாக் எங்கே?" என்று கேட்போம். இங்கே மட்டும் கேட்க மாட்டோம்.

லாக் இருக்கும் வரலாறு நமக்கு வேண்டாம், ஏனென்றால் அதில் கிரீடம் இல்லை. 1825-இல் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட முதல் கைதிகளில் சென்னையிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் இந்தியக் கைதிகள் இந்த ஊரில் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியதும் அவர்கள்தான். அதன் சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு': கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். அவர்களை மேற்பார்த்த மெக்நேர் 1899-இல் ஒரு புத்தகமே எழுதினார். பேராலயம் நூலகத்திலிருந்து நடக்கிற தூரம். இதைப் பற்றி மைக்கைப் பிடுங்கிப் பேசிய ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

"இங்க நாம சிறுபான்மை, தம்பி. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பெருமை வேணாமா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெருமையைப் படித்து முடிக்காத ஒரு கல்லின் சில எழுத்துகள்மேல் கட்டினால், நாளைக்கு இன்னொருவர் வேறுமாதிரி படித்துக் காட்டும்போது பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்? இந்த மண்ணில் நமக்கிருந்த உரிமையும் போய்விட்டது என்றா? பேராலயச் சுவருக்கு அந்த ஆபத்து இல்லை. அதை யார் கட்டினார்கள் என்பதில் ஊகமே கிடையாது.

இது பழங்கதை பற்றிய சண்டை மட்டுமில்லை. மன்னனை மட்டும் மூதாதை என்று பழகிய கண், சுண்ணாம்பு குழைத்தவனை அந்நியனாகத்தான் பார்க்கும். உரை முடிந்து வெளியே வருகிறோம். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கட்டுமானத் தொழிலாளர்கள் விடுதிக்குத் திரும்புகிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. சற்றுமுன் "நம்ம ஆளு" என்று சோழனுக்குக் கைதட்டிய நாம், இவர்களை "ஊர்க்காரனுங்க" என்கிறோம்.

அடுத்த உரைக்கு வரும்போது ஒன்றே ஒன்று செய்வோம். முடிந்ததும் டீயைத் தேடி ஓடாமல் லிஃப்டில் ஏறுவோம். 7 முதல் 13 வரையான தளங்கள் ஆய்வு நூலகம். 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு'வின் பழைய இதழ்களுக்கு மேலே போகக்கூட வேண்டாம், நூலகத்தின் இணையத் தொகுப்பிலேயே கிடைக்கின்றன. ஒரு பக்கம் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வியோடு திரும்பி வருவோம்.

ஆனால் அது கேள்வியாக இருக்கட்டும், சின்னக் கருத்தாக வேண்டாம்.