இழுவைக்கு டீசல் என்னும் விதியும் வண்டி வெளிவந்த ஆண்டும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் முகாம் டிரெய்லரையோ படகையோ குதிரைகளையோ இழுத்துச் செல்வதற்காகப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்க வருவோருக்கு, வண்டிகளைச் சோதித்து மதிப்பிடும் தொழிலில் உள்ளோர் வழக்கமாகச் சொல்லிவரும் அறிவுரை, எடை கூடினால் டீசலை எடுக்க வேண்டும் என்பதாகும். இவ்விதி பொய்யன்று, ஆயினும் அது ஒரு குறிப்பிட்ட காலத்து வண்டிகளைப் பார்த்து உருவானது. கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினும் ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கும் கரித்துகள் வடிகட்டியோ யூரியாக் கரைசலோ இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 1990களிலும், அவற்றுக்குப் போட்டியாக நின்ற பெட்ரோல் எஞ்சின்கள் நான்கே கியர்களைக் கொண்டு மேட்டில் திணறிய அந்நாளிலும் அது சரியாகவே இருந்தது. அதன் பின்னர் டீசல் சிக்கலாயிற்று, பெட்ரோல் வலுப்பெற்றது. விதி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பழைய இழுவை வண்டியைப் பொறுத்தவரை எரிபொருள் எது என்பதைவிட எந்த ஆண்டில் வந்த எந்த எஞ்சின் என்பதே முதற்கேள்வியாக வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு.

டீசல் எஞ்சின் காற்றை மட்டும் ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, அவ்வழுத்தத்தால் எழும் வெப்பத்தில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறது. 9 முதல் 11 மடங்கு வரையே அழுத்தும் பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கின் பொறி தேவைப்படுகிறது. உயர்ந்த அழுத்த விகிதமும் அதனுடன் சேரும் டர்போவும், அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கும் விசிறியும், டீசலுக்குக் குறைந்த சுழற்சியிலேயே பெரும் முறுக்குவிசையைத் தருகின்றன. 2020ஆம் ஆண்டு ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 644 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்திற்கு 4,000 சுழற்சியில் தர, 6.7 லிட்டர் டீசல் 1,424 நியூட்டன் மீட்டரை 1,600 சுழற்சியிலேயே தருகிறது. எனினும் அதே இரண்டின் குதிரைத்திறன் 430, 475 என நெருங்கியே நிற்கிறது. ஒரு மேட்டில் குறிப்பிட்ட எடையை எவ்வளவு வேகத்தில் ஏற்ற முடியும் என்பதை முடிவு செய்வது குதிரைத்திறனே. முறுக்குவிசையில் உள்ள குறையைப் பத்து கியர் கொண்ட பெட்டி சக்கரத்தில் பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது. பெட்ரோல் வண்டி அதே மேட்டை உயர்ந்த சுழற்சியில் இரைச்சலோடு ஏறும், டீசல் அமைதியாக ஏறும். இரைச்சலைக் கேட்டு எஞ்சின் வதைபடுவதாக வாங்குவோர் நினைப்பது இயல்பு. மதிப்பீட்டாளரும் அவ்வாறு நினைப்பதற்கு நியாயமில்லை.

இழுவைத் திறனாக விளம்பரத்தில் அச்சிடப்பட்ட எண்ணையும் ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். வாகனப் பொறியாளர் சங்கமாகிய எஸ்ஏஇ, ஜே2807 என்னும் பொது அளவுகோலை 2008இல் வெளியிடும் வரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இவ்வெண்ணைக் கணித்தது. பெரிய நிறுவனங்கள் பலவும் அதனை ஏற்றது 2010களின் நடுப்பகுதியில்தான். அரிசோனாவின் டேவிஸ் அணையை அடுத்த நீண்ட ஏற்றத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், குளிரூட்டியை முழுமையாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது, பின்புறம் ஒற்றைச் சக்கரம் கொண்ட வண்டிகளுக்கு அது விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே 2005ஆம் ஆண்டு டீசலின் எண்ணையும் 2016ஆம் ஆண்டு பெட்ரோலின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருளற்றது.

மலைநாட்டில் டீசலே ஏற்றது என்ற வாதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். டர்போ இல்லாத எஞ்சின், கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கிறது. கொலராடோவில் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசனாவர் சுரங்கத்தை அடையும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ மெலிந்த காற்றையும் அழுத்தித் தருவதால் டீசல் அங்கு பெரிதும் தளர்வதில்லை. ஆனால் இது டர்போவின் பெருமையே அன்றி எரிபொருளின் பெருமையன்று. 2011இல் ஃபோர்டு எஃப்-150இல் வந்த 3.5 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் எஞ்சினும் அதே உயரத்தில் அதே அனுகூலத்தைப் பெறுகிறது. எனவே மலையில் மிதமான எடையை இழுப்பவருக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு.

இறக்கத்தில் நிலைமை வேறு. பெட்ரோல் எஞ்சினில் காற்றுவழியை மூடும் தகடு இருப்பதால், காலை எடுத்தவுடன் உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சினே ஓரளவு தடுப்பாகிறது. அத்தகைய தகட்டினால் காற்றைக் கட்டுப்படுத்தாத டீசலுக்கு இவ்வியல்பு மிகக் குறைவு. அக்குறையைப் போக்குவது, டர்போவின் இறகுகளை நெருக்கிப் புகையின் வழியை அடைக்கும் புகைத்தடுப்பு. ராம் வண்டிகளில் 2007ஆம் ஆண்டின் நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் இது எஞ்சினோடு ஒன்றியே வந்தது. அதற்கு முந்தைய 5.9 வண்டிகளில் பலவற்றில் இது இல்லை. உறுதிக்குப் பெயர்பெற்ற அவ்வெஞ்சினை நம்பி நீண்ட இறக்கத்தில் இறங்குபவர், உண்மையில் சக்கரத் தடுப்புகளை மட்டுமே நம்பி இறங்குகிறார்.

எஞ்சினின் ஆண்டு எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பது டீசலின் உள்ளமைப்பைப் பார்த்தால் தெளிவாகும். 2007ஆம் ஆண்டின் புகை விதிகளால் கரித்துகள் வடிகட்டி வந்தது; இது கரியைப் பிடித்துவைத்து, நிறைந்ததும் புகையின் வெப்பத்தைச் செயற்கையாக உயர்த்தி எரித்துவிடும் கலம். 2010ஆம் ஆண்டின் விதிகளை ஒட்டி, நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த நீரைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு சேர்ந்தது. ஃபோர்டும் ஜிஎம்மும் 2011 மாதிரிகளில் இதனை ஏற்க, ராம் 2500 வண்டிகளில் அது 2013இல்தான் வந்தது. நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும் வண்டியில் வடிகட்டி தானே எரிந்து தூய்மையாகிறது. வாரத்தில் ஆறு நாள் கடைக்கும் பள்ளிக்கும் சென்று ஏழாம் நாள் மட்டும் டிரெய்லரை இழுக்கும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று நின்று, கரி அடைத்துக்கொள்கிறது. 2008 முதல் 2010 வரை வந்த ஃபோர்டு 6.4 லிட்டர் எஞ்சினில் இந்த எரிப்புக்கான டீசலை உருளைக்குள்ளேயே மிகத் தாமதமாகத் தெளித்தமையால், அதில் ஒரு பகுதி சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்தது.

வடிகட்டி இல்லாத காலத்து வண்டி என்றால் கவலையில்லை என்றும் கூறிவிட முடியாது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குளிர்விப்பான் அடைபட, அதன் வழியே கூலன்ட் பெற வேண்டிய புகைமறுசுழற்சிக் குளிர்விப்பான் வறண்டு வெடித்து, இறுதியில் ஹெட் கேஸ்கெட் வரை சேதம் சென்றது. வண்டி சூடேறி நெடுஞ்சாலையில் சீராக ஓடுகையில் ஆயிலின் வெப்பம் கூலன்டைவிட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்ந்திருந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்பது பட்டறைகளில் நிலைபெற்ற அளவு. ஜிஎம்மின் எல்பி7 என்னும் முதல் டியூராமேக்ஸ் எஞ்சினில், 2001 முதல் 2004 வரை, இன்ஜெக்டர்கள் வால்வு மூடியின் அடியில் அமைந்தமையால் அவற்றின் பழுது எஞ்சின் ஆயிலில் டீசல் கலக்கும் பழுதாக முடிந்தது.

இவற்றினும் கடுமையானது சிபி4 என்னும் உயரழுத்த எரிபொருள் பம்பின் கதை. 2011 முதல் ஃபோர்டு 6.7லும், 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸ் எல்எம்எல்லிலும், 2019, 2020 ஆண்டுகளின் ராம் கம்மின்ஸிலும் இப்பம்பு பொருத்தப்பட்டது. இவற்றுள் ராம் வண்டிகள் பின்னர் திரும்ப அழைக்கப்பட்டன. பம்புக்குள் உராய்வைக் குறைப்பது அதன் வழியே ஓடும் டீசலின் வழவழப்புத்தான். அவ்வழவழப்பைச் சோதனையில் விழும் தேய்மானத் தடத்தின் அகலத்தால் அளக்கின்றனர். ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானுக்கு மேல் அனுமதிப்பதில்லை, அமெரிக்கத் தரமாகிய ஏஎஸ்டிஎம் டி975 520 வரை அனுமதிக்கிறது. பம்பு தேய்ந்து உடைந்தால் உலோகத்தூள் இன்ஜெக்டர் முதல் தொட்டி வரை பரவுகிறது. எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். செலவு பல ஆயிரம் டாலர். இதற்கு முன்னறிகுறி மிகக் குறைவு என்பதால், எரிபொருள் வடிகட்டிக் கிண்ணத்தில் மினுக்கும் தூளைத் தேடுவதைத் தவிர மதிப்பீட்டாளர் செய்யக்கூடியது அதிகமில்லை. 2017இல் வந்த டியூராமேக்ஸ் எல்5பி வேறு பம்பைக் கொண்டது. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் ஓராண்டு இடைவெளி இவ்வளவு வேறுபாட்டைச் செய்கிறது.

கரித்துகள் வடிகட்டிகளை அகற்றி, கணினி நிரலை மாற்றிய வண்டிகள் சந்தையில் ஏராளம். 2009க்குப் பிந்தைய பத்தாண்டில் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இவ்வாறு கைவைக்கப்பட்டிருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. தூய காற்றுச் சட்டத்தின்படி இது குற்றம். விற்பவர் இதனைச் சிறப்பம்சமாகக் கூறினாலும், 1998ஆம் ஆண்டு முதலான டீசல்களையும் புகைச் சோதனைக்கு உட்படுத்தும் கலிபோர்னியா போன்ற மாநிலத்தில் அவ்வண்டி பதிவுக்கே தேறாது. அகற்றியவற்றை மீண்டும் வாங்கிப் பொருத்தும் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். தயாரிப்பாளரும் விலக்கில்லை: 2013 முதல் 2019 வரையிலான ராம் வண்டிகளில் புகைக்கட்டுப்பாட்டை ஏய்த்ததாகச் சாட்டப்பட்ட வழக்கில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 இறுதியில் உடன்பட்டது. அவ்வாண்டுகளின் வண்டி எனில், திரும்ப அழைத்துச் செய்த நிரல் திருத்தம் நடந்துள்ளதா என்று பார்ப்பது மதிப்பீட்டின் ஒரு பகுதி.

பெட்ரோல் பக்கத்திலும் தனக்குரிய குறைகள் உண்டு. ஃபோர்டின் தொடக்ககால 6.8 லிட்டர் வி10இல் மரை குறைவாயிருந்தமையால் ஸ்பார்க் பிளக் தெறித்து வெளியேறியதும், 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினில் கழற்றும்போதே பிளக் இரண்டாக முறிந்ததும் பட்டறைக்காரர் நன்கறிந்தவை. ராமின் ஹெமி எஞ்சின்களில் லிஃப்டர் உருளை தேய்ந்து கேம் தண்டையும் கெடுக்கிறது. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சீர்செய்ய ஆகும் செலவு, டீசலின் எரிபொருள் அமைப்பையோ டர்போவையோ மாற்றும் செலவில் ஒரு பகுதியே. வாங்குபவரின் கையிருப்பு சிறிதெனில் இது அற்ப விஷயமன்று.

எடைக் கணக்கில் டீசலின் வலிமையே அதற்கு எதிராகத் திரும்புகிறது. கனமான எஞ்சினும் அதற்கேற்ற துணைப்பாகங்களும் சேர்ந்து, அதே வகை பெட்ரோல் வண்டியைவிட டீசலின் சுமைத்திறனை ஏறத்தாழ 250 முதல் 350 கிலோ வரை குறைத்துவிடுகின்றன. மொத்த எடை வரம்பு 4,536 கிலோ, அதாவது 10,000 பவுண்டு, என்று பல மாதிரிகளில் வகுக்கப்பட்ட முக்கால் டன் வகுப்பில் இக்குறைவு உறைக்கும். பிக்கப்பின் சுமைத்தொட்டிக்குள் கொக்கி மாட்டும் ஐந்தாம் சக்கர வகை டிரெய்லர் 5,400 கிலோ எனில், அதில் ஐந்தில் ஒரு பங்காகிய 1,080 கிலோ வண்டியின் முதுகில் அமர்கிறது. குடும்பமும் சாமானும் ஏறுமுன்னரே பல டீசல் வண்டிகளின் வரம்பு தீர்ந்துவிடும். இழுக்க வலு இருக்கிறது, சுமக்க உரிமை இல்லை என்னும் இந்நிலையை, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய மஞ்சள் பட்டையைப் படிக்காமல் கண்டறிய வழியில்லை.

பணக்கணக்கு பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. இழுக்கும்போது பெட்ரோல் லிட்டருக்கு 3.5 கிலோமீட்டரும் டீசல் 5 கிலோமீட்டரும் தருவதாகவும், விலை முறையே 85 சென்ட், ஒரு டாலர் எனவும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் இழுப்பவர் டீசலால் மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 430 டாலர். பழைய டீசலுக்கு 6,000 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதனை மீட்க 14 ஆண்டுகள் ஆகும். ஆயிலும் வடிகட்டிகளும் யூரியாவும் அம்மிச்சத்திலும் கைவைக்கும். டிரெய்லர்களைக் கொண்டுசேர்ப்பதையே தொழிலாகக் கொண்டு ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் இழுப்பவருக்கு அதே கணக்கு நான்காண்டுக்குள் நேராகிவிடுகிறது. மறுவிற்பனையில் டீசலின் கூடுதல் விலையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே, இடையில் பெரும் பழுது நேராத வரை.

எரிபொருள் எதுவாயினும், மதிப்பீட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஓர் எண் உண்டு: எஞ்சின் ஓடிய மணிநேரம். பல வண்டிகளின் முகப்புப் பலகையிலேயே இதனைப் படிக்கலாம். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி 2,700 மணிநேரம் காட்டினால் சராசரி வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர். அது சாலையில் ஓடிய வண்டி. 5,000 மணிநேரம் காட்டினால் சராசரி 32தான்; வேலைத்தளத்தில் நின்ற இடத்திலேயே உறுமிக் காலங்கழித்த வண்டியாக அது இருக்கக்கூடும். டீசலாயின் கரித்துகள் வடிகட்டியையும் டர்போவின் இறகுகளையும், ஹெமியாயின் லிஃப்டர்களையும் அந்த எண் முதலில் பார்க்கச் சொல்கிறது.