நீரை அளக்கும் கண்ணாடி இழை யார் கையில்?

கரியாலூரில் பெய்யும் மழை எங்கே போகிறது? கல்வராயன் மலையின் ஓடைகள் கூடிக் கோமுகி ஆறாகிக் கீழே இறங்குகின்றன. அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சி வட்டார வயல்களுக்குப் பாய்கின்றன. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களையும், கீழே நாற்று நடும் விவசாயத் தொழிலாளியையும் இணைப்பது இந்த நீர்தான். அது நல்ல நீரா, நச்சு நீரா என்று அறியும் உரிமை யாருக்கு?

விஞ்ஞானம் இதற்கு ஒரு கருவி தந்திருக்கிறது. தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழை! தொலைபேசிப் பேச்சை ஒளியாக்கிச் சுமந்து செல்லும் அதே இழை. இதற்குள் ஒளியைச் செலுத்தினால் பக்கங்களில் மோதி மோதி மறுமுனைக்கு ஓடும். அந்த முனை தண்ணீரில் இருந்தால், கலங்கல் நீரில் ஒளி சிதறித் திரும்பும். உப்பு ஏறினால் ஒளி வளையும் அளவு மாறும். முனையில் பூசிய சாயத்தின் ஒளிர்வைக் கொண்டு நீரில் கரைந்த பிராணவாயுவையும் அறியலாம். நீருக்குள் மின்சாரம் வேண்டாம், துரு ஏறாது.

குறையும் உண்டு. பாசி படிந்தால் இழை பொய் சொல்லும். துடைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். 100 மில்லி குடிநீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதை உறுதி செய்ய ஆய்வுக்கூடச் சோதனை இன்னும் அவசியம்.

ஆனால் இதுவரை நமக்குச் சோதனைக் கருவியாக இருந்தது எது? ஏழையின் உடம்புதான்! 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது தெரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பிணம் விழுந்த பிறகே விஷம் என்று தெரிந்தது. உழைப்பவன் குடிப்பதை முன்கூட்டிச் சோதிக்க யாருக்கும் அக்கறை இல்லை.

கருவி வந்தால் மட்டும் போதுமா? நொய்யலைப் பாருங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறை மூடியபோது முதலில் பட்டினி கிடந்தவன் தொழிலாளி! 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெரும் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் இடைவிடாது கழிவை அளக்கும் கருவி பொருத்த வேண்டும் என்றது. ஆனால் அதை வாங்குவது யார்? பராமரிப்பது யார்? ஆலை நிர்வாகமே!

பண்ணையார் மரக்காலில் கூலி நெல் அளந்த காலத்தை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். களத்தில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. மரக்கால் அவர் கையில் இருந்தது, அதனால் கூலி குறைந்தது. இன்றைய கண்ணாடி இழையும் ஒரு மரக்கால்தான்.

“மலைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. எல்லாம் கடைசியாக வருவதற்கே பழக்கப்படுத்தப்பட்ட மக்கள் இவர்கள். இங்கேதான் முதலில் வரவேண்டும் என்கிறோம் நாம்.

ஆகவே நாம் கோருவது இது. முதலில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் குழாய் நீர். கருவி தாகம் தீர்க்காது. அடுத்து, ஊற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் அரசுச் செலவில் உணர்கருவி. அதன் கணக்கு ஊர்ப்பலகையில் தமிழில் தெரிய வேண்டும். கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆலைக் கழிவு வெளியேறும் வாயிலில் அரசின் சொந்தக் கருவி வேண்டும். அதைப் பார்க்கும் உரிமை தொழிற்சங்கத்துக்கும் விவசாயிகளுக்கும் வேண்டும். பராமரிக்கும் வேலை மலை இளைஞர்களுக்கு, நிரந்தர வேலையாக வேண்டும்.

தோழர்களே! ஆலைக்குள் கழிவு எந்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். வாய்க்காலில் நீர் எப்போது நிறம் மாறுகிறது என்பது வயலில் நிற்பவருக்குத் தெரியும். இருவரும் ஒரே மேடையில் நின்று இந்தக் கோரிக்கையை அடுத்த கிராமசபையில் தீர்மானமாக்குங்கள்!