வேலிக்கு அப்பால்

எல்லாள மன்னன் தன் படுக்கைத் தலைமாட்டில் மணியொன்று தூக்கி, முறைவேண்டுவோர் இழுத்தற்கென நீண்ட கயிறும் கட்டுவித்தான் என்று மகாவம்சம் கூறும். கன்றிழந்த பசு அதனை இழுத்தது, நீதியும் பெற்றது. கொழும்புத்துறை வளவொன்றிற் சங்கிலியிற் கட்டுண்டு நீரின்றி வாடும் நாய் எக்கயிற்றை இழுக்கும்?

அயலவர் காரியம் நமக்கெதற்கு என்பர் நம்மவர். ஓரங்குல வேலிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோர் இதில் மட்டும் இத்துணை அடக்கமுடையராதல் வியப்பே!

சட்டம் இல்லாமலில்லை. இலங்கையில் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907இல் எழுந்தது. அது விதித்த தண்டம் 100 ரூபாவைத் தாண்டாது. அன்று பெருந்தொகை, இன்று ஒருவேளைச் சாப்பாட்டிற்கும் போதாது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டமோ, போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளியாமையையே குற்றமென வெளிப்படக் கூறிற்று.

முறைப்பாட்டுக்கு முன், வேலியருகே நின்று ஒரு வார்த்தை கேட்டல் முறை. வீட்டார் நோயுற்றிருக்கலாம், கடல்கடந்து போனவர் ஒப்படைத்த ஆள் மறந்திருக்கலாம். ஒரு சிரட்டை தண்ணீரோடு தீரும் காரியமும் உண்டு. அதன் பின்னும் நாய் மெலியுமாயின், கண்ட நாளையும் கண்டதையும் எழுதிப் பொலிசாரிடம் கொடுத்தல் வேண்டும். கேள்விப்பட்டதைச் சேர்த்தலாகாது. மொட்டைக் கடிதமும் வேண்டா; அது நம்மூரிற் பழைய பகைக்கே பயன்பட்டு வந்தமையால், உண்மையான முறைப்பாட்டையும் எவரும் நம்பார். பெயரெழுதிக் கையொப்பமிடுக.