முதலில் நிழலைக் கட்டுங்கள்!



பாலைவனத்தில் ஒரு புதிய நகரம் கட்டச் சொன்னால், முதலில் எதைக் கட்டுவீர்கள்? "வானத்தைத் தொடும் கட்டடம்!" என்று பலர் சொல்வீர்கள். முதலில் கட்ட வேண்டியது நிழல் என்பேன் நான்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தலைநகர் அபுதாபி. அதற்குப் பக்கத்தில் 2008-ல் மஸ்தார் என்ற நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கோடையில் அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். அதனால் தெருக்களைக் குறுகலாக அமைத்தார்கள். இரு பக்கக் கட்டடங்களின் நிழலும் தெருவில் விழும். 45 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுக் கோபுரமும் உண்டு. மேலே வீசும் காற்றைப் பிடித்து, கீழே முற்றத்துக்கு அனுப்பும். மின்சாரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள் இருக்கின்றன.

இவற்றில் பலவும் பழைய அறிவுதான். மின்விசிறி வருவதற்கு முன்பே வளைகுடா மக்கள் பல வீடுகளில் காற்றுக் கோபுரம் வைத்திருந்தார்கள். ஏமன் நாட்டு ஷிபாம் நகரில், 16-ம் நூற்றாண்டிலேயே மண்ணால் மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டினார்கள். இன்றும் அங்கே மக்கள் வசிக்கிறார்கள்.

மஸ்தாரை 2016-க்குள் முடித்துவிடலாம், 50,000 பேர் குடியேறுவார்கள் என்று திட்டமிட்டார்கள். அது நடக்கவில்லை. தொடங்கிய ஆண்டே உலகெங்கும் வந்த பண நெருக்கடி ஒரு காரணம். நகரம் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் இருந்தால் கட்டடத்தை வேகமாக எழுப்பலாம். ஆனால் பள்ளிக்கூடம், கடைத்தெரு, அக்கம்பக்கத்தார் எல்லாம் சேர்ந்தால்தானே ஊர்!

தண்ணீரையும் மறக்கக் கூடாது. அங்கே கடல் நீரைத்தான் குடிநீராக மாற்றுகிறார்கள். அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும். எனவே குளித்த நீரையும் துவைத்த நீரையும் சுத்தம் செய்து மரங்களுக்கு விட வேண்டும்.

இன்னொன்று. வெயிலில் நின்று அந்த நகரங்களைக் கட்டுகிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. உங்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அங்கே இருக்கலாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் விதி இருக்கிறது. நல்ல விதி! அதோடு நிற்காமல், கட்டியவர்கள் குடும்பத்தோடு வாழவும் அந்நகரங்களில் சிறிய வீடுகள் வேண்டும். நிழல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால்தான் அது நல்ல நகரம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலைவன நகரம் வரைந்து பாருங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு குழந்தை வெயில் படாமல் நடந்து போக முடிகிறதா? முடிந்தால், நீங்கள் தேர்ச்சி!