பத்துப் புளியங்கொட்டை



1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது நான் ஆண்டு நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்கி வரும்படி ரீச்சர் சொல்லியிருந்தார். அந்த வகுப்புக்கு நான் திரும்பிப் போகவேயில்லை. பிறகு ஒரு மரத்தடி, இரண்டு பள்ளிக்கூடம். ஏழாம் வாய்ப்பாட்டை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் தெரிந்தமாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது இதைச் சொல்லவைத்தவள் என் மகள். தரம் 2 இல் இருந்தபோது எட்டையும் ஐந்தையும் கூட்ட ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து விரல் மடக்குவாள். எண்ணி முடிப்பதற்குள் கேள்வி மறந்துவிடும். கொப்பியில் பாதிக் கணக்கு வெறுமையாக வரும். ஒருநாள் பொறுமையிழந்து கையில் அடித்துவிட்டேன். அன்றிரவு விரல்களைச் சட்டைக்குள் மறைத்துவைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபிறகு நான் அடிக்கவில்லை.

விரலால் எண்ணுவது பிழையல்ல. பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் சின்னக் கூட்டல்கள் எண்ணாமலே வாயில் வந்தால்தான் பெரிய கணக்கில் மனம் நிற்கும்.

அம்மம்மா தாயம் விளையாடுவதற்குப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சீமெந்து நிலத்தில் தேய்த்து வெள்ளையாக்குவார். நானும் பத்துக் கொட்டை தேய்த்தேன். மகள் குலுக்கிப் போடுவாள். வெள்ளை விழுந்தவற்றை அவள் பொறுக்க, கறுப்பை நான் ஒதுக்கிச் சிரட்டையால் மூடிவிடுவேன். அவள் கையில் ஆறு. சிரட்டைக்குள் எத்தனை? சொல்லிவிட்டுத் தூக்கிப் பார்க்கவேண்டியதுதான். பிழையை நான் சொல்லத் தேவையில்லை, சிரட்டை காட்டிவிடும். படிக்காத அம்மாவும் இதை விளையாடலாம்.

பத்தின் சோடிகள் பழகினால் எட்டும் ஐந்தும் இலேசு. ஐந்தில் இரண்டை எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மிச்சம் மூன்று, பதின்மூன்று. சோறு கொதிக்கும் நேரம் போதும். பிள்ளை இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

பெருக்கலுக்குக் காட்ஸ் எடுத்தோம். "பெண்பிள்ளைக்கு 304 பழக்கிறியோ?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். பழக்கினாலும் நட்டமில்லை, அதிலும் கூட்டல்தானே! ஒன்று முதல் பத்து வரையான வாய்ப்பாட்டில் நூறு விடைகள். மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றென்று கண்டால் 55. இலேசான 1, 2, 5, 10 ஆகியவற்றை விட்டால் மிச்சம் 21தான். ஆகவே 3, 4, 6, 7, 8, 9 உள்ள 24 காட்ஸை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆளுக்கொன்று திருப்பி, இரண்டையும் பெருக்கவேண்டும். காட்ஸ் இல்லாவிட்டால் பழைய கலண்டர் மட்டையை வெட்டி எண் எழுதலாம். மணிக்கூடு வைத்துப் போட்டி நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. பதறினால் தெரிந்ததும் மறந்துபோகும்.

போனகிழமை அவள் எட்டைத் திருப்பினாள். என் கையில் ஏழு. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏழேழு நாற்பத்தொன்பது தெரியும்தானே? அதோட இன்னொரு ஏழு."

விரல் மடக்கித்தான் கூட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த காட்ஸைத் திருப்பச் சொன்னாள்.